ஒன்றேகால் காந்தாரம்

சேசு மரி சூசை

ஆமத்தூர்
24-1-2024

மரியாதைக்குரிய அண்ணன் இன்பராஜுக்கு,

தங்கச்சி ஆரோக்கியம் எழுதுகிறேன். இதை உங்கள் மாப்பிள்ளை டிபன் பையில் வைத்துச் சிவகாசிக்குக் கொண்டுவருவார். "பிரஸ்ல லேபிள் ஓட்டுறவனத் தபால்காரனா ஆக்கிட்டியே" என்று சடைத்துக்கொண்டார். தயவுசெய்து திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதின்மூன்று மாதமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. கோயில் முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் "நீங்கல்லாம் ஒரு தாய்மாமனா?" என்று நான் கத்தியது தப்புதான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன். கத்திய காரணம் தப்பு என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

என் பிள்ளை ஸ்வீட்டிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு என்கிறார்கள். மதுரையில் ஏப்ரல் நான்காம் தேதி ஆபரேஷன். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடக்கிறதாம். "பேச்சு வந்திரும்மா, பாட்டுக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது" என்று டாக்டர் சொன்னார்.

அண்ணே, அதற்குள் ஒரே ஒரு தடவை அவள் உங்கள் பாடகர் குழுவில் நின்று பாட வேண்டும். அன்றைக்குச் சொன்ன வார்த்தையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸ் ஒத்திகையில் நாற்பது பேர் முன்னால் பாட்டை நிறுத்திச் சொன்னீர்களே: "ஏ புள்ள, உன் க சுரம் எப்பவும் தரையிலதான் கிடக்கு. கீபோர்டு எங்க நிக்குதுன்னு காதைக் கொடுத்துக் கேளு. முடியலன்னா மெழுகுவத்தி பிடிக்கிறவக வரிசையில போய் நில்லு." அன்றிலிருந்து அவள் வீட்டில் வாய் திறந்து ஒரு வரி பாடி நான் கேட்கவில்லை.

அவள் க தரையில் கிடக்கவில்லை. என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. வேண்டுமென்றால் எழுதுகிறேன்.

உங்கள் ஜெபத்தில் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆரோக்கியம்


சிவகாசி
2-2-2024

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. பிள்ளையின் சுகத்துக்காக ஒன்பது நாள் ஜெபம் தொடங்கியிருக்கிறேன். ஆபரேஷனுக்கு ரத்தம் தேவைப்பட்டால் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் வாத்தியார்கள் நான்கு பேர் வருவார்கள். அதில் குறை வராது.

பாட்டு விஷயம் வேறு. இருபத்தாறு வருஷமாகக் குழுவை நடத்துகிறேன். என் அக்காள் மகள், தங்கச்சி மகள் என்று பார்த்தால் நாற்பது பேரும் நாற்பது சுருதியில் பாடுவார்கள். அந்தக் கீபோர்டு ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி கோயிலுக்குக் கொடுத்த காணிக்கை. எல்லோரும் அதோடுதான் சேர வேண்டும். சேராதது சுருதி இறங்கியதுதான். அதற்கு என்ன அத்தாட்சி வைத்திருக்கிறாய்? நீ எங்கே பாட்டுப் படித்தாய்?

கோபத்தில் எழுதவில்லை. போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம். இப்படியே எழுது.

இன்பராஜ்


சேசு மரி சூசை

ஆமத்தூர்
8-2-2024

அண்ணனுக்கு,

நான் எங்கேயும் படிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியது அப்பா என்றாலும், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று கூடச் சேர்ந்து சொன்னது நீங்கள். அது போகட்டும்.

பள்ளிக்கூடத்தில் ஸ்வீட்டிக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரணில் கிடந்தது. அவள் பாடுவதை நிறுத்தியதும், ஒருநாள் நானே இறக்கித் துடைத்தேன். சுருதிப்பெட்டிச் சத்தம் மட்டும் போட்டுவிட்டால் ஒருவேளை கூடச் சேர்ந்து முனகுவாளோ என்று தேடினேன். அப்படித் தேடும்போது ஒரு மென்பொருள் வந்தது. காசு கேட்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. யார் யாரோ கூடி எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த முகம் தெரியாதவர்களுக்காகவும் ஒரு செபமாலை சொல்லுகிறேன்.

அதில் சுரத்தைக் கட்டை பார்த்து அமுக்க வேண்டியதில்லை. பின்னமாக எழுதினால் போதும், அது பாடும். ச ஒன்று. ப ஒன்றரை. ரி ஒன்றே அரைக்கால். க ஒன்றேகால். பால் கணக்கு, அரிசிக் கணக்கு எழுதுகிற எனக்கு இதில் என்ன கஷ்டம்? அதே நோட்டில் பின்பக்கமிருந்து எழுதிக்கொண்டு வந்தேன்.

ச-வை நொடிக்கு 200 அதிர்வு என்று வைத்தால், ஒன்றேகால் 250. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் அசையாமல் நிற்கிறது. உங்கள் கீபோர்டில் க 252. ஆயிரத்துக்கு எட்டுப் பங்கு கூடுதல். அந்த எட்டுப் பங்கு ஒரு நடுக்கமாகக் கேட்கிறது. எல்லாச் சுருதியிலும் எல்லாப் பாட்டையும் வாசிக்க வேண்டும் என்பதற்காக, செய்கிறவர்களே தெரிந்துதான் அப்படி ஏற்றி வைக்கிறார்களாம்.

2022 மாதா பரலோகத் திருநாளன்று ஸ்வீட்டி வாத்தியம் இல்லாமல் பாடியதை என் போனில் பதிந்திருந்தேன். அவள் ச எங்கே என்று கண்டுபிடிக்கவே பதினொரு நாள் ஆனது. 203-இல் நிற்கிறது. அதன் மேல் ஒன்றேகாலை வைத்து அவள் பாட்டுக்கு அடியில் ஓட்டினேன். அவள் க வந்ததும் இரண்டும் ஒரே சத்தமாகிவிட்டது. எது கருவி, எது பிள்ளை என்று தெரியவில்லை. அடுப்பில் சோறு குழைந்து போகிறதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கியது அவள் அல்ல. ஏறியிருப்பது உங்கள் கீபோர்டு.

ஆரோக்கியம்


சிவகாசி
15-2-2024

ஆரோக்கியம்,

நேற்று சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு உன் கடிதத்தைப் படித்தேன். "மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய்" என்று சாமியார் சொன்னதுக்கும் நீ எழுதியதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நீ சொல்கிற கணக்கு சரியாகவே இருக்கட்டும். உலகமே ஏற்றி வைத்த கருவியோடுதான் பாடுகிறது. ஒரு பிள்ளைக்காக நான் கீபோர்டை எந்தக் கிணற்றில் போட? ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டு ஒரு சுருதி, அடுத்த பாட்டு வேறு சுருதி. ஒவ்வொன்றுக்கும் உன் பின்னத்தை எழுதிக்கொண்டு நிற்க முடியுமா?

அவள் பாடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் கீபோர்டு வாசிக்கும். அது இல்லாமல் பாடவிட்டால் முதலாளி வீட்டில் காரணம் கேட்பார்கள்.

இன்பராஜ்


சேசு மரி சூசை

ஆமத்தூர்
20-2-2024

அண்ணனுக்கு,

கீபோர்டைக் கிணற்றில் போட வேண்டாம். பெரிய வெள்ளிக்கிழமை அதை நீங்களே துணி போட்டு மூடிவிடுவீர்களே.

பெரிய வியாழன் பூசையில் உன்னதகீதம் பாடி முடிந்ததும் மணியும் நிற்கும், வாத்தியமும் நிற்கும். உயிர்ப்பு இரவு வரைக்கும் மரக்கட்டைதான் தட்டுவீர்கள். அது திருச்சபை வைத்த சட்டம். அன்றைக்கு எந்த முதலாளி காரணம் கேட்பார்? மார்ச் 29. ஆபரேஷனுக்கு ஆறு நாள் முன்னால். சனங்கள் வரிசையில் வந்து சிலுவைக்கு முத்தம் கொடுத்து முத்தி செய்யும்போது ஒரே ஒரு பாட்டு, அவள் குரல் மட்டும். நான்கு பேர் ச-வையும் ப-வையும் அடியில் முனகினால் போதும்.

பாட்டு நான் கட்டியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். சிலுவை அடியில் நிற்கிற மாதா பாடுகிற மாதிரி எட்டு வரி. "எம்புட்டு நேரம் நிப்பேன் மகனே, என் நிழலும் உட்கார்ந்துருச்சே" என்று தொடங்கும். அந்த மென்பொருளிலேயே வரி வரியாக எழுதி, அழித்து, எழுதி முடித்தேன். ஒவ்வொரு வரியும் க-வில் போய் நிற்கும். அங்கே நிற்கத்தான் அந்தப் பாட்டே.

உங்கள் மாப்பிள்ளைக்கு முதலில் ஒன்றேகால், பிறகு கீபோர்டு க, இரண்டையும் ச-வோடு சேர்த்துப் போட்டுக் காட்டினேன். அந்த மனுசருக்குச் சங்கீதம் கழுதைக்குக் கற்பூரம் மாதிரி. ஆனாலும் உடனே சொன்னார்: "ரெண்டாவது ரிஜிஸ்டர் விலகியிருக்கு." மெஷினில் நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் லேபிளில் சாமி படத்துக்கு இரண்டு உதடு தெரியுமாம். அந்த மாதிரி கேட்கிறது என்றார்.

மென்பொருளை எப்படி இறக்குவது என்று பின்தாளில் எழுதியிருக்கிறேன். உங்கள் காதால் கேளுங்கள். கேட்டபிறகு மாட்டேன் என்றால் நான் இனி எழுதவில்லை.

ஆரோக்கியம்


சிவகாசி
5-3-2024

அன்புள்ள தங்கச்சி,

கேட்டேன்.

பள்ளிக்கூடத்துக் கணினி அறையில், பிள்ளைகள் போன பிறகு இறக்கினேன். நீ எழுதியபடியே 1, 5/4 என்று போட்டேன். சத்தம் வந்தது. முதலில், கருவி நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். அவ்வளவு அசைவில்லாமல் இருந்தது. பிறகு கோயிலுக்குப் போய்க் கீபோர்டில் அதே இரண்டு சுரத்தையும் சேர்த்து அமுக்கினேன். நடுங்கியது. இருபத்தாறு வருஷமாக அந்த நடுக்கத்தைத்தான் இனிமை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கையை எடுத்துவிட்டுப் பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளை வந்து, "என்ன மாஸ்டர், பொட்டி ரிப்பேரா?" என்றார். "பொட்டி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

சாமியாரிடம் பேசிவிட்டேன். பெரிய வெள்ளி, சிலுவை முத்திக்கு ஸ்வீட்டி பாடுகிறாள். முனகுவதற்கு ஞானப்பூ அக்காவையும் வேறு மூன்று பேரையும் எடுத்திருக்கிறேன். அந்த மென்பொருளை ஓடவிட்டு அவர்களை அதோடு நிற்கப் பழக்குகிறேன். "இது என்ன மாஸ்டர், புது உபத்திரவம்! ஒரே எழுத்த அரை மணி நேரமா?" என்று ஞானப்பூ அக்கா என்னை வைதுகொண்டே பாடுகிறார். இரண்டு மூன்று நிமிஷம் அசையாமல் நிற்கிறார்கள் இப்போது.

ஸ்வீட்டியை ஒத்திகைக்கு அனுப்பு. நான் வாய் திறந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இன்பராஜ்


சேசு மரி சூசை

ஆமத்தூர்
14-3-2024

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மாதா படத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஸ்வீட்டியிடம் சொன்னேன், "மாமா உன்னையப் பாடக் கூப்பிடுறாக" என்று. "நெசமாவா? மாமாவே சொன்னாகளா?" என்று மட்டும் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டாள்.

ஒத்திகைக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறாள். தொண்டையைச் சிரமப்படுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்; அது ஒன்று. "அன்னைக்கு ஒரு தரம்தான் பாடுவேன். மாமா அன்னைக்கே கேக்கட்டும்" என்கிறாள், இது இன்னொன்று. வற்புறுத்தாதீர்கள். மன்னிப்பையும் அன்றைக்கே கேட்டுக்கொள்ளலாம்.

பாட்டை உங்களுக்குப் பின்னத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்கு ச ரி க என்று எழுதிக் கொடுத்தேன். லேப்டாப்பில் போட்டுக் காட்டவா என்றதற்கு, "வேண்டாம்மா, எழுத்தப் பாத்தே எடுத்துக்கிடுவேன்" என்றாள். அவளுக்குப் பின்னம் எதற்கு? தொண்டையிலேயே இருக்கிறதே. ஆபீஸ் விட்டு வந்ததும் போனையும் இயர்போனையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். ஒரு வருஷமாகவே அப்படித்தான், ஏதாவது படப்பாட்டுக் கேட்பாளாக்கும். இப்போது என் பாட்டுத் தாளையும் கொண்டுபோகிறாள். கீழே நின்று காது கொடுத்தால் ஒன்றும் கேட்காது. நானும் கேட்கப் போகக் கூடாது என்று இருக்கிறேன்.

பல நாளைக்குப் பிறகு நேற்று கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டாள்.

ஆரோக்கியம்


சிவகாசி
30-3-2024, பெரிய சனி

அன்புள்ள தங்கச்சி,

நேற்று கோயிலில் உன்னிடம் பேசாமல் ஏன் பின்வாசலால் போனேன் என்று நினைத்திருப்பாய். இதைச் சொல்லாமல் இன்றிரவு உயிர்ப்புப் பூசைக்குப் போக என்னால் முடியாது.

நீ பெண்கள் பக்கம் முழங்காலில் இருந்து அழுதுகொண்டிருந்தாய். நான் அவளுக்கு மூன்றடி தள்ளி நின்றேன். நான்கு பேரும் கட்டிய சுவர் மாதிரி ச-வில் நின்றார்கள். ஸ்வீட்டி தொடங்கினாள். ச சரி. ரி சரி. முதல் வரி முடிந்து க-வில் போய் நின்றாள். நடுங்கியது.

ஞானப்பூ அக்காதான் இறங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை. இரண்டாவது வரி, மூன்றாவது வரி. ஒவ்வொரு தடவையும் துல்லியமாக, ஆணி அடித்த மாதிரி, அதே இடத்தில் போய் நின்றாள். கீபோர்டின் இடம். ஆயிரத்துக்கு எட்டுப் பங்கு. கீபோர்டு மூடிக்கிடக்க, அது அவள் தொண்டையிலிருந்து வந்தது. நிற்கும்போதெல்லாம் என்னைப் பார்த்தாள்.

ஆரோக்கியம், இந்த மூன்று வாரம் அந்த மென்பொருளோடு உட்காராமல் இருந்திருந்தால் எனக்கு அது கேட்டிருக்காது. நல்ல பாட்டு என்று வீட்டுக்குப் போயிருப்பேன். சனங்கள் அப்படித்தான் போனார்கள். சிலுவையை முத்தி செய்துவிட்டு அழுதுகொண்டே போனார்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அவள் இறங்கி வந்து முந்திக்கொண்டாள். "மாமா, இப்ப தரையில இல்லையே?" என்றாள். "இல்ல தாயி, சரியா நிக்கு" என்றேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எதற்கு மன்னிப்புக் கேட்பது, எப்படிக் கேட்பது?

ஆபரேஷனுக்கு இன்னும் நான்கு நாள் முழுதாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு ஆமத்தூருக்கு வரட்டுமா? அவளை அந்தச் சத்தத்தோடு உட்கார வைத்தால் பழைய இடத்துக்கு வருவாளா? நீதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

இன்பராஜ்


சேசு மரி சூசை

ஆமத்தூர்
13-4-2024

அன்பு அண்ணனுக்கு,

செவ்வாய்க்கிழமை வர வேண்டாம் என்று உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பியதற்குக் காரணம் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் உயிர்ப்புத் திருநாளன்று மத்தியானம் கைக்கு வந்தது. பிரியாணி வைத்திருந்தேன். அவள் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகத்தான் இருந்தாள். லேப்டாப்பை எடுத்துவந்து, ஒன்றும் சொல்லாமல், ச-வையும் ஒன்றேகாலையும் சேர்த்துப் போட்டேன். ஒரு நிமிஷம் கேட்டாள். சிரித்தாள். "என்னம்மா இது, க இறங்கிக் கிடக்கே. இத வச்சா இம்புட்டு நாளும் பாட்டுக் கட்டுனீக?" என்றாள்.

நான் சரியாகக் கேள் என்றேன். கேட்டாள். "இல்லம்மா, தரையிலதான் கிடக்கு" என்றாள். உங்கள் வார்த்தை, உங்கள் ராகத்திலேயே.

பிறகு அவளே போனைக் காட்டினாள். அதில் ஒரு கீபோர்டு. விரலால் க-வைத் தொட்டால் சத்தம் வரும். பதினைந்து மாதமாக மாடியில் அதைத் தொட்டுத் தொட்டு, வாய்க்குள்ளேயே முனகி, தன் க-வைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றியிருக்கிறாள். "மாமா சொன்ன இடத்துக்குக் கொண்டுவந்துட்டேன்மா. எம்புட்டுச் சிரமம் தெரியுமா? மொதல்ல எனக்கு அது தப்பாத்தான் கேட்டுச்சு. கேக்கக் கேக்கச் சரியாயிருச்சு" என்றாள்.

அவள் மாடியில் அந்த ஒன்றேகாலை அழித்துக்கொண்டிருந்தபோது, நான் கீழே பழைய பதிவை வைத்து அவளை நிரூபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தடவை படி ஏறிப் போய்க் கேட்டிருந்தால் போதும்.

நான்கு நாளில் திருப்பலாமா என்று கேட்டீர்கள். எப்படித் திருப்ப? "நீ முன்னால சரியாத்தான் பாடின, மாமாதான் தப்பாச் சொன்னாக, நீ பட்டது வீண்" என்று ஆபரேஷனுக்குப் போகிற பிள்ளையிடம் சொல்லவா? எனக்கு வாய் வரவில்லை. லேப்டாப்பை மூடி, "ஆமாட்டி, இது ரிப்பேராத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். இதுவும் பொய்தான். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இதை எந்தப் பாவத்தோடு சேர்த்துச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள். கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள், கர்த்தருக்குத் தோத்திரம். பேசினால் காற்றாக வருகிறது, சத்தம் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் டாக்டர் வெளியே கூப்பிட்டு, ஒரு பக்கத்து நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை என்றார். பேச்சு ஒரு மாதிரி கரகரப்பாகத் திரும்புமாம். பாட்டு இல்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் மாப்பிள்ளை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் செபமாலையை உருட்டினேன். உருட்டினது மட்டும்தான்.

அவளுக்கு எல்லாம் தாளில் எழுதித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. தண்ணீர், மாத்திரை, ஜன்னலைச் சாத்து. இன்று காலையில் ஒரு தாள் கொடுத்தாள். உங்களுக்காம். "மாமா, கிறிஸ்துமஸ் குழுவுல என் இடத்துக்கு வேற யாரையும் எடுத்துறாதீக. அதுக்குள்ள குரல் வந்துரும்" என்று எழுதியிருக்கிறாள். இதோடு வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை அவளைப் பார்க்க வருவதாகச் சொன்னீர்களாம். வாருங்கள். கேட்பாள். இடம் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஆரோக்கியம்